ஐம்பதாயிரம் சுற்று

இரும்புக் கை ஐந்து விரல்களையும் மடக்கி, சிமென்ட் நிரப்பிய குழாய்க் கட்டைக் கவ்வித் தூக்கி, ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து, கீழே இறக்கி விரித்தது. பக்கத்திலிருந்த மீட்டரில் ஓர் எண் கூடியது. மொத்தம் இருபது நொடி. உடனே மறுபடி மடக்க ஆரம்பித்தது. அதற்கு அலுப்பு என்பதே கிடையாது.

இருபத்தோராயிரத்து நானூற்றுப் பதினாறு.

சுலபா வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். காலையிலிருந்து இது ஆறாவது தடவை. தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய்ப் பார்த்தாள். ராடு எடுக்கப் போவதுபோலப் போய்ப் பார்த்தாள். இப்போது எந்தச் சாக்கும் இல்லாமல் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன அக்கா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி அதையே பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றான் யூனுஸ். அவனும் வெல்டர்தான், பக்கத்து மேசை.

"சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு."

"இரும்பு பின்ன பாட்டா பாடும்? போ, போ. தாத்யா பாத்தா பொழுதுக்கும் அதையே சொல்லிக் காட்டுவாரு."

கோலாப்பூர்ப் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஐந்து மாதத்துக்கு ரோட்டில் டிராக்டரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. வெட்டிப் போட்ட கரும்பை அள்ளி டிரெய்லரில் போட, டிராக்டரின் முன்கையில் மாட்டுகிற இந்த இரும்புக் கைக்குத்தான் கிராப் என்று பேர். எட்டு வருஷமாகக் கிராப் செய்து விற்கிற பட்டறை முதலாளி நிவாஸ் மகதும் இந்த முறை புது மாதிரியில் ஒன்று செய்திருந்தார். ஆனால் சர்க்கரை ஆலைக்காரர்கள் வாய்ப்பேச்சை நம்புகிற ஆட்கள் இல்லை. ஐம்பதாயிரம் சுற்று ஓடட்டும், ஒரு விரல்கூட உடையாமல் நின்றால் இருபது கிராப் எடுத்துக்கொள்கிறோம், கோஜாகிரிப் பௌர்ணமிக்கு நேரில் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டுக் குடும்பம் பிழைக்கிற பட்டறை. நிவாஸண்ணா இரும்புச் சட்டம் ஒன்று நட்டு, அதில் கிராப்பைத் தொங்கவிட்டு, பகலும் இரவும் ஓடவிட்டார்.

ஐந்து விரலையும் மூன்று பேர் பற்றவைத்திருந்தார்கள். ஒன்றும் இரண்டும் மூத்த வெல்டர் ஸ்ரீபதி தாத்யா. மூன்று சுலபா. நாலும் ஐந்தும் யூனுஸ்.

சுலபாவின் கண் போய் நின்றது மூன்றாவது விரலின் வேரில். அந்த வேரில் அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கனமான தகட்டுக்கு வெல்டு வைப்பதென்றால் முதலில் தீ காட்டிச் சூடேற்ற வேண்டும், சூடு ஆறுவதற்குள் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நின்றுபோனால், நின்ற இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பச் சூடேற்றித்தான் தொட வேண்டும். அன்றைக்கு, அடியில் போடுகிற முதல் வெல்டு வரி முக்கால்வாசி ஓடியிருந்தபோது கரண்ட் போனது. மூன்றரை மணி. திரும்பி வந்தது நாலே முக்காலுக்கு. ஐந்து மணிக்குக் கிராப் சட்டத்தில் ஏற வேண்டும். வாசலில் கிரேன்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். நிவாஸண்ணா "ஆச்சா, ஆச்சா" என்று குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சுலபா கம்பிப் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஆறிப்போன இரும்பின்மேலேயே தொடர்ந்துவிட்டாள். அதன்மேல் இன்னும் மூன்று வரி போட்டு மூடினாள்.

வினை என்னவென்றால், மேல் வரி அவ்வளவு அழகாக வந்துவிட்டது. நிவாஸண்ணா அதைப் போட்டோ எடுத்து, "வெல்டுன்னா இப்படி இருக்கணும்" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அந்தப் போட்டோவுக்கு அப்புறம் ஸ்ரீபதி தாத்யா அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. முப்பது வருஷமாக ராடு பிடிக்கிற மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் சுலபா வேலைக்குச் சேர்ந்த அன்றே, "ரொட்டி தட்டுற கைக்கு இந்தத் தீ ஆகாதும்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். அந்த ஒரு வாயை அடைப்பதற்காகவே அவள் இரண்டு வருஷம் கண் எரிய எரிய உழைத்திருக்கிறாள். இப்போது போய் எப்படிச் சொல்வது?

தாத்யா அந்தப் பக்கம் வந்தார். உள்ளங்கையில் புகையிலையைச் சுண்ணாம்போடு தேய்த்து உதட்டுக்குள் அதக்கிக்கொண்டு, கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டார். ஓடுகிற கிராப்பின் கீழேயே குனிந்து புகுந்து, மூட்டுகளுக்கு ஒவ்வொரு அழுத்து அழுத்திவிட்டு, கட்டு மேலேயிருந்து இறங்குவதற்குள் மறுபக்கம் வெளியே வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படித்தான் செய்வார். நிறுத்திவிட்டு அடித்தால் பத்து நிமிஷம் வீண் என்பது அவர் கணக்கு. சுலபா ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே வரும்வரை கண்ணை எடுக்க மாட்டாள்.

"என்ன, ஒன் அழக நீயே ரசிக்கிறியா?" என்றார்.

அவள் மேசைக்குத் திரும்பினாள்.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதியில்லை. அவள் கணவன் தோண்டிராம் சீசனில் டிரெய்லர்மேல் நின்று கரும்பை அடுக்குகிற ஆள். கிராப் அள்ளிக் கொண்டுவந்து கொட்டுவது அவன் தலைக்கு நேர் மேலேதான்.

"புதுசு எங்க ஆலைக்குத்தான் வருதாமே?" என்றான் அவன், சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "கேங்குல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். இந்த சீசன் என் தலைக்கு மேல ஆடப்போறது எம் பொண்டாட்டி கைதான்னு."

"அதையெல்லாம் எதுக்கு ஊர் பூரா சொல்றே?"

"ஏன், பொய்யா? வீட்டுலயும் அதானே ஆடுது!"

அவன் சிரித்தான். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிறாற்போல உள்ளே போய், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நவராத்திரி ஒன்பதாம் நாள், கண்டே நவமி. அன்றைக்கு ஆயுதங்களுக்குப் பூஜை. பூஜை வைத்த சாமானை அன்று பூராவும் தொடக் கூடாது. மீட்டர் முப்பத்து நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. நிவாஸண்ணா தலையைச் சொறிந்தார்.

"இதை மட்டும் ஓட விட்டுட்டா என்ன?"

"மத்த இரும்புக்கெல்லாம் லீவு, இது மட்டும் ஓவர்டைமா? கோவிச்சுக்கும் அண்ணா," என்றான் யூனுஸ். சொல்லிவிட்டு, சட்டத்தின் தூணைத் துடைப்பதற்குப் பழைய துணி தேடப் போனான். பூஜைக்குத் துடைத்துக் கழுவுவதெல்லாம் வருஷா வருஷம் அவன் பொறுப்புதான்.

நிறுத்தினார்கள். எட்டு நாள் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதும் ஆளாளுக்கு உரக்கக் கத்திப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. சுத்தியல், கிரைண்டர், ராடு பிடிக்கும் கவ்வி, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சாமந்திச் சரம் போட்டார்கள். நிவாஸண்ணாவின் மனைவிக்குப் பிறந்த வீட்டில் தீட்டு. அதனால் குங்குமம் வைக்கிற வேலை சுலபாவுக்கு வந்தது.

அவள் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து எடுத்துக்கொண்டு போனாள். முதல் விரல், வேரில் நன்றாக அப்பினாள். இரண்டாவது விரல், அப்பினாள். மூன்றாவதுக்கு வந்தபோது கை போகவில்லை. பொய்யைக் கும்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, நுனியில் மட்டும் ஒரு சொட்டுத் தொட்டு நகர்ந்தாள். நாலு, ஐந்து, வேரில் அப்பினாள். பின்னால் எல்லாரும் கை தட்டி ஆரத்தி பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் தசரா. காலையிலேயே வந்து ஒருவருக்கொருவர் மந்தாரை இலையைத் தங்கம் என்று கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அப்புறம் சாயம் போட உட்கார்ந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் கிராப் நின்றால் சாயம் போட்டுப் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்பது ஆலையின் நிபந்தனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊற விட்டு, துடைத்து எடுத்து, வெள்ளை மருந்து அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் கசியும். அதுவும் மேல் தோலில் வாய் திறந்த விரிசலாக இருந்தால்தான். உள்ளுக்குள்ளேயே இருப்பது தெரியாது.

நாலு வேர்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. மூன்றாவது விரலின் வேரில் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு, ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மெல்ல எழுந்து வந்தது.

"என்னடா இது?" என்றார் நிவாஸண்ணா.

"கோடு," என்றான் யூனுஸ்.

"கோடுன்னா?"

"கோடுன்னா கோடுதான் அண்ணா. செவப்பா."

தாத்யா சத்தமாகச் சிரித்தார். "நேத்து சுலபா ரெண்டு கையாலயும் அள்ளி அப்புனாளே, மறந்துபோச்சா? குங்குமம் வெல்டு ஓரத்துல போய் உக்காந்திருக்கு. இதுக்குப் போய் எழவு வீட்டு மூஞ்சிய வெச்சுக்கிட்டு."

நிவாஸண்ணாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "ஆமால்ல? கழுவுடா, கழுவி இன்னொரு தரம் போடு."

கழுவித் திரும்பப் போட்டார்கள். கோடு மறுபடி வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் மங்கலாக.

"பாத்தீங்களா, கொறைஞ்சிடுச்சு," என்றார் தாத்யா. "வெடிப்பா இருந்தா கொறையுமா?"

அவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லிவிடவும் முடியாது. முந்தின நாள் அந்தப் பட்டறையில் குங்குமம் படாத பொருள் எது? தராசில் இருந்தது, டீ கெட்டிலில் இருந்தது, மீட்டர் கண்ணாடியில் இருந்தது, வாசலில் நின்ற யாரோ ஒருவரின் ஸ்கூட்டரிலும் இருந்தது. நல்ல நாளில் வைத்த குங்குமத்தை விரிசல் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நம்ப விரும்பினார்கள், நம்பிவிட்டார்கள்.

"சரி, ஓட்டு. ரெண்டு மணி நேரம் போச்சு," என்றார் நிவாஸண்ணா. யூனுஸ் சுவிட்சுப் பக்கம் போனான்.

சுலபா யூனுஸின் கையையே பார்த்தாள். சும்மா இருந்தால் போதும், ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். குங்குமம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அவள் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மேல் வரி அழகாக இருக்கிறது, இன்னும் பதினாறாயிரம் சுற்றுத் தாங்கினாலும் தாங்கும். அதற்கப்புறம் ஏதோ ஒரு வயலில், ஏதோ ஒரு மத்தியானம், டிரெய்லர்மேல் எவனோ ஒருவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான்.

"அது குங்குமம் இல்ல," என்றாள்.

"பின்ன என்ன, ஹோலிக்குத் தூவுற குலாலா?" என்றார் தாத்யா.

"அந்த எடத்துல நான் குங்குமமே வெக்கல தாத்யா. நாலு வெரலுக்குத்தான் வேர்ல வெச்சேன். மூணாவதுக்கு நுனியில தொட்டுட்டு வந்துட்டேன்."

"ஏன்?" நிவாஸண்ணா கேட்டார்.

"கை போகல."

"அதான், ஏன் போகல?"

சொன்னாள். மூன்றரை மணி, கரண்ட், கிரேன்காரனின் ஹார்ன், கம்பிப் பிரஷ். தொடங்கும்போது நடுங்கிய குரல் முடிக்கும்போது நடுங்கவில்லை. வெட்கம் மட்டும் கழுத்துவரை சூடாக ஏறியிருந்தது. யூனுஸ் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேன்!" தாத்யா கத்தினார். அவ்வளவு உரக்கக் கத்த வேண்டிய அவசியமே இல்லை. "சொன்னேனா இல்லையா? போட்டோ புடிக்கிறாங்களாம் போட்டோ! கரண்ட் போனா தேச்சுட்டு வெக்கணும்னு மொத நாளே சொல்லிக் குடுக்கிற பாடம். எவன் தலையில வுழுறதுக்கு இது?"

நிவாஸண்ணா கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் ஆலையின் தாளை எடுத்துப் படித்தார், திரும்பப் படித்தார். ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட கோடு என்றால் குறித்துவைத்துவிட்டு, கண்காணித்தபடி ஓட்டலாம் என்று அதில் இருந்தது. பிரித்து மறுபடி வெல்டு வைத்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், பன்னிரண்டு நாள். கோஜாகிரிக்கு ஐந்து நாள்தான்.

"எழுதி வெச்சுட்டு ஓட்டுவோம்," என்றார் கடைசியில். "மறைக்க வேணாம். கோடு வளந்தா நிறுத்திடுவோம். சுத்திக் கயிறு கட்டு, உள்ள ஒரு ஆள் போகக் கூடாது. கிரீஸ் அடிக்கிறதும் நிறுத்திட்டுத்தான்." பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "சுலபா, நீ ராடு புடிக்க வேணாம். நாற்காலியப் போட்டுக்கிட்டு ஒன் வெரல நீயே பாரு."

மூன்று நாள் அவள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வது தப்பு. இருபது நொடிக்கு ஒரு தடவை பாதி எழுந்தாள். கட்டு மேலே போகும்போது பல்லைக் கடித்தாள், கீழே இறங்கும்போது விட்டாள். கிரீஸுக்கு நிறுத்தும்போதெல்லாம் ஓடிப்போய் டார்ச் அடித்து, கோட்டின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் போட்ட புள்ளியைப் பார்த்தாள். கோடு வளரவில்லை. வளராததும் அவளுக்கு நிம்மதியாக இல்லை. போகிற வருகிறவர்கள், "அக்கா, பால்கனி டிக்கெட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தோண்டிராமிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். அவன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான்.

"சொன்னது நல்லதுதான்," என்றான். "ஆனா கேங்குல சொன்னத எப்படித் திருப்பி வாங்குறது?"

"வாங்காதே. உள்ளத உள்ளபடி சொல்லு."

"சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். உசுரோட நின்னு சிரிக்கட்டும்."

நாலாம் நாள் காலை பதினொன்று. மீட்டர் நாற்பத்தாறாயிரத்து அறுநூறைத் தாண்டியிருந்தது. மறுநாள் ஆலை ஆட்கள் வருகிறார்கள். தாத்யா கிரீஸ் கன்னோடு வந்தார். நின்று அப்படியும் இப்படியும் பார்த்தார். நிவாஸண்ணா ஆபீஸ் அறையில் போனில் இருந்தார். தாத்யா கயிற்றைத் தூக்கி உள்ளே குனிந்தார்.

சுலபா துள்ளி எழுந்தாள். "தாத்யா, வெளிய வாங்க."

"ரெண்டு அழுத்துதான். இருபது நொடில வந்துடுவேன்."

"நிறுத்திட்டு அடிங்க."

"நிறுத்தி நிறுத்தி மூணு நாள்ல ஆயிரம் சுத்து போச்சு. எல்லாம் ஒன்னால. ஒன் வெரல் வெடிச்சா ஊர்ல இருக்கிற வெரலெல்லாம் வெடிச்சிருக்கணுமா? ரெண்டாவது வெரல் நான் வெச்சது. அதுக்குக் கீழ பாய் போட்டுப் படுப்பேன் நான்."

கட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. சுலபா யோசிக்கவில்லை. கயிற்றுக்குமேல் எட்டி, அவர் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தாத்யா தடுமாறிப் பின்னால் வந்து விழுந்தார். கிரீஸ் கன் உள்ளேயே உருண்டது. எல்லா மேசையிலும் வேலை நின்றது.

"என்மேல கைய வெக்கிறியா? ஒரு பொம்பள! என் வயசென்ன, ஒன் வயசென்ன?" தாத்யா எழுந்து நின்று உடம்பெல்லாம் ஆடக் கத்தினார். "அண்ணா! வாங்க இங்க! இன்னிக்கி ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இவ இருக்கணும்!"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே கிராப் ஒரு சுற்று முடித்தது. இன்னொரு சுற்று முடித்தது. மூன்றாவதில் கட்டு உச்சிக்குப் போய் நின்றபோது தேங்காய் உடைகிறாற்போல ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. குழாய்க் கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவி, தரை அதிர விழுந்தது. உடைந்த விரல் அதற்கு முன்னாலேயே கீழே கிடந்தது. கட்டுக்கு அடியில் கிரீஸ் கன் அப்பளமாகிக் கிடந்தது.

யூனுஸ் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். ஆபீஸ் அறையிலிருந்து நிவாஸண்ணா போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தார். எல்லார் கண்ணும் மூன்றாவது விரலுக்குத்தான் போயிற்று. அது இருந்த இடத்தில் இருந்தது. வெள்ளை மருந்தும் சாக்பீஸ் புள்ளியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போனது இரண்டாவது.

சுலபாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், ஒளிப்பானேன். என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை என்று மனசு குதித்தது. பிறகு தாத்யாவைப் பார்த்தாள். அவர் கத்த ஆரம்பித்த வாயை மூடாமலேயே நின்றிருந்தார். சட்டையின் பின்பக்கம் இன்னும் கசங்கியிருந்தது. அவளுடைய சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

நிவாஸண்ணா உடைந்த விரலைப் புரட்டிப் பார்த்தார். வெளி ஓரத்தில் புதிதாகக் கிழிந்த இரும்பு பளபளவென்று மின்னியது. உள்ளே முக்கால் பங்கு கறுத்து வழவழவென்று இருந்தது, ஒட்டவே ஒட்டாமல். மேலே வெந்து உள்ளே மாவாக இருக்கிற ரொட்டியைப் போல. சுலபா குனிந்து பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அடி வரி பாதியில் நின்று, ஆறி, அதன்மேல் புது வரி ஏறியிருந்தது.

"தாத்யா," என்றார் நிவாஸண்ணா. "அன்னிக்கிக் கரண்ட் போனப்ப..."

தாத்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிவாஸண்ணா திரும்பினார். "யூனுஸ், நீ?"

"நாலாவது, அண்ணா," என்றான் அவன் தரையைப் பார்த்து. "அஞ்சாவது முன்னாடியே முடிச்சுட்டேன்."

"பிரஷ்ஷாவது போட்டியா?"

"இல்ல."

"அவ சொன்னப்ப ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுத்தானேடா இருந்தீங்க?"

அன்றைக்குக் கரண்ட் சுலபாவின் மேசைக்கு மட்டுமா போனது, பட்டறைக்கே போனது. இந்தச் சின்ன விஷயம் பன்னிரண்டு நாளாக அவளுக்கே தோன்றவில்லை.

நிவாஸண்ணா அங்கேயே கிடந்த இரும்புக் கட்டைமேல் உட்கார்ந்தார். நாளைக்கு ஆலை ஆட்களிடம் காட்டுவதற்கு இந்தக் குவியல்தான் இருந்தது. சொல்லிக்கொள்ளலாம், தேதி கேட்கலாம், திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அன்னிக்கி ஒரு நாள்தானே இப்படி?" என்றார். ஆமாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று கெஞ்சுகிற குரல் அது. "இந்த ஒரு கிராப்தானே?"

யூனுஸ் ஆமாம் என்று தலையாட்டினான். எல்லாரும் தாத்யாவைப் பார்த்தார்கள்.

தாத்யா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வாயிலிருந்த புகையிலையை ஓரமாகத் துப்பினார்.

"கரண்ட் நம்ம பக்கம் அன்னிக்கி ஒரு நாளா போச்சு?" என்றார்.

வெளியே ரோட்டில் ஒரு டிராக்டர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஆலையில் பாய்லர் மூட்டிவிட்டார்கள். வெட்டுக் கேங்குகள் லாரி லாரியாக வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. தீபாவளி தாண்டினால் வயல் வயலாகக் கிராப்புகள் இறங்கும், பழசும் புதுசும்.

"எழுதிக்க," என்றார் தாத்யா சுலபாவிடம்.

அவள் சுற்று எண்ணிக்கை எழுதுகிற தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டாள்.

"வடகாவ். ஸ்கூல் எதுத்தாப்புல வீடு, நீல டிராக்டர். போன வருஷம் குடுத்தது. நாலாவது வெரல்." கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "ருகடி. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, செவப்பு டிராக்டர். மொத வெரல், உள்பக்கம். ஆள்தே. ரெண்டாவது, மூணாவது, ரெண்டும். அதுக்கு முந்தின வருஷம். மழ நாளு, கரண்ட் மூணு தடவ போச்சு. அதிக்ரே."

அதிக்ரே என்றதும் சுலபாவின் பேனா நின்றது. தோண்டிராமின் கேங் முதல் மாதம் இறங்குவது அங்கேதான்.

"எந்த வெரல்?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது."

எழுதினாள். நிவாஸண்ணா போனை எடுத்து அந்த டிராக்டர்காரர்களின் எண்களைத் தேட ஆரம்பித்தார். தாத்யா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஊர், டிராக்டரின் நிறம், வருஷம், எந்த விரல், விரலில் எந்தப் பக்கம். எட்டு வருஷத்துக் கிராப்புகள். ஒரு தாளையும் பார்க்காமல் சொன்னார், ஓர் இடத்தில்கூட யோசிக்கவில்லை, ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை.

பதினேழாவது ஊரில் நா வறண்டு நிறுத்தினார். சுலபா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"குடிங்க தாத்யா," என்றாள். "குடிச்சுட்டு அடுத்தது சொல்லுங்க."